ஆராய்ச்சி பல வகை

"ஆராய்ச்சி" என்ற சொல் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. "ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தனர்" என்று படிக்கிறோம். அதைப் படித்ததும் ஒரு படம் மனதில் தோன்றுகிறது. வெள்ளை அங்கி. கண்ணாடிக் குழாய். பூட்டிய அறை. பெரிய படிப்புப் படித்த ஒருவர்.

அப்படியும் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அது ஒரு வகை மட்டுமே. பழைய கல்வெட்டைப் படிப்பதும் ஆராய்ச்சி. பஞ்சம் ஏன் வந்தது என்று பழைய கணக்குகளைப் புரட்டுவதும் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும் ஆராய்ச்சி. ஒரு மூதாட்டி பேசுவதைக் கேட்டு எழுதி வைப்பதும் ஆராய்ச்சிதான்.

விவசாயி ஒருவர் என்ன செய்கிறார்? விதைப்பதற்கு முன்பு 100 விதைகளை எண்ணி எடுக்கிறார். ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறார். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கிறார். எத்தனை முளைத்தன என்று எண்ணுகிறார். 90 முளைத்தால் விதை நல்ல விதை. 40 முளைத்தால் அந்த விதையை நம்பி நிலத்தில் இறங்க மாட்டார்.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. விதை நல்லதா? ஒரு வழி இருக்கிறது. முளைக்க வைத்துப் பார்ப்பது. ஓர் எண்ணிக்கை இருக்கிறது. எண்ணிக்கையிலிருந்து ஒரு முடிவும் கிடைக்கிறது. ஆராய்ச்சியின் விதை இதுதான். ஆராய்ச்சியாளர் இதையே பெரிய அளவில் செய்கிறார். செய்ததை எழுதி வைக்கிறார். மற்றவர்கள் சரிபார்க்கும்படி வெளியிடுகிறார்.

கேள்வி மாறினால் வழியும் மாறும். நம் நாட்டில் நடந்த சில ஆராய்ச்சிகளைப் பார்ப்போம்.

1. மூன்று பகுதிகளும் ஒரு பிடி உப்பும்

இமயமலை அடிவாரத்தில் காங்ரா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று அது இமாச்சலப் பிரதேச மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே பலருக்குக் கழுத்தில் பெரிய வீக்கம் இருந்தது. இதைக் கழுத்துக் கழலை என்பார்கள். "இது எங்கள் தலைவிதி" என்று சிலர் இருந்துவிட்டார்கள்.

கழலைக்குக் காரணம் அயோடின் என்ற சத்துக் குறைவு. மலை நிலத்தில் மழையும் பனியும் மண்ணிலுள்ள அயோடினை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் விளையும் தானியத்திலும் அயோடின் குறைவாகவே இருக்கும். கழலை மட்டும் இதன் கேடு இல்லை. தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை சரியாக வளராது. சில குழந்தைகளுக்குக் காது கேட்காமல் போகும்.

உப்பில் அயோடின் கலந்து கொடுத்தால் கழலை குறையும் என்று வேறு நாடுகளில் கண்டிருந்தார்கள். காங்ராவிலும் அது பலிக்குமா? பேராசிரியர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். மூன்றிலும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் இருந்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு போனது. நடுவில் இருந்த பகுதிக்குச் சாதாரண உப்பு போனது.

ஏன் ஒரு பகுதிக்கு மட்டும் சாதாரண உப்பு? எல்லோருக்கும் அயோடின் உப்பு கொடுத்துக் கழலையும் குறைந்தது என்று வையுங்கள். ஒருவர் எழுந்து கேட்பார்: "இந்தச் சில வருடங்களில் சாலை வந்தது. வெளியூர்த் தானியம் வந்தது. அதனால் குறைந்திருக்கலாமே?" அவருக்கு என்ன பதில் சொல்வது? சாதாரண உப்பு தின்ற பகுதி பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாலை மூன்று பகுதிகளுக்கும்தானே வந்தது!

சில ஆண்டுகள் கழித்து எல்லோரையும் மீண்டும் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்திருந்தது. நடுப்பகுதியில் குறையவில்லை. சந்தேகம் தீர்ந்தது. பிறகு நடுப்பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். அங்கும் கழலை குறைந்தது.

1962இல் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று கடையில் வாங்கும் உப்பு உறையில் "அயோடின் கலந்தது" என்று எழுதியிருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். அந்த வரிக்குப் பின்னால் காங்ரா மக்கள் இருக்கிறார்கள்.

இது ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி.

2. "இதனால் என்ன பயன்?"

எல்லா ஆராய்ச்சியும் நோயிலோ பசியிலோ தொடங்குவதில்லை. சில ஆராய்ச்சிகள் வெறும் ஆவலில் தொடங்குகின்றன.

1921இல் சர் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடல் நீல நிறமாக இருந்தது. ஏன்? வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது என்பது அப்போது பெரிய அறிஞர்கள் சொன்ன பதில். ராமனுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவரிடம் ஒரு சிறிய பட்டகம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் நீரின் மேல் விழும் வானத்தின் பளபளப்பை மறைத்துவிடலாம். மறைத்துப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று அவர் எழுதினார்.

ஒளி பொருளின் மேல் பட்டுச் சிதறுவதை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனும் அவருடன் வேலை செய்தார். 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவைக் கொண்டு ஒரு மாத்திரையில் என்ன பொருள் இருக்கிறது என்று அதை உடைக்காமலே அறியலாம். ஒரு கல் வைரமா, போலியா என்றும் பார்க்கலாம். கப்பலில் நின்று கடலைப் பார்த்த நாளில் இந்தப் பயன் யாருக்கும் தெரியாது.

இன்னொரு கதையைக் கேளுங்கள். குடலின் சுவர் சர்க்கரையை எப்படி உறிஞ்சுகிறது? ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். சர்க்கரை தனியாக உள்ளே போவதில்லை, உப்பையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகிறது என்று 1960இல் சொன்னார். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். "சரி, அதனால் என்ன?" என்று அன்று பலர் கேட்டிருக்கலாம்.

காலரா வந்தால் உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியேறிவிடும். அதனால்தான் உயிர் போகிறது. வெறும் தண்ணீர் குடித்தால் நிற்காது. அப்போது நரம்பில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்ற வேண்டியிருந்தது. 1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்த மருத்துவர்கள் ஒரு வழியைச் சோதித்தார்கள். உப்பையும் சர்க்கரையையும் அளவாகக் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்தார்கள். மருத்துவமனையில் அது பலித்தது. மருத்துவமனைக்கு வெளியே பலிக்குமா? யாருக்கும் உறுதி இல்லை.

1971இல் வங்கதேச விடுதலைப் போர் நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் எல்லையைத் தாண்டி மேற்கு வங்கத்துக்கு ஓடி வந்தார்கள். பன்காவ் என்ற ஊரின் முகாமில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். ஊசி வழியாக ஏற்ற வேண்டிய உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே இருந்தார். கல்கத்தாவில் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் அளந்து பொட்டலம் கட்டச் செய்தார். முகாமில் அதைத் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார்கள். நோயாளிகளின் உறவினர்கள் குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். டாக்டர்களும் நர்சுகளும் போதாத இடத்தில் தாயும் தங்கையுமே மருத்துவம் செய்தார்கள்.

அதற்கு முன்பு 100 நோயாளிகளில் ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். இந்த நீரைக் கொடுத்த பிறகு 100 பேரில் 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள். டாக்டர் மகலனாபிஸ் இந்தக் கணக்கை எழுதி 1973இல் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுக்கிறார்கள். டாக்டர் மகலனாபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

குடலின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரும், முகாமில் முழங்காலிட்டு உட்கார்ந்தவரும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள். எந்தக் கண்ணி எப்போது உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

3. யாரும் படிக்க முடியாத எழுத்து

எழுத்து கண் முன்னால் இருக்கும். ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரியாது. முதியோர் கல்வி வகுப்புக்கு வந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். ஒரு காலத்தில் நாடு முழுவதுமே இப்படித் தவித்தது. கல்லில் எழுத்து இருந்தது. அதைப் படிக்க ஒருவரும் இல்லை.

டெல்லியில் ஒரு பழைய கல்தூண் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா அதை வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார். அதிலிருந்த எழுத்தைப் படிக்கப் பண்டிதர்களை அழைத்தார். ஒருவராலும் முடியவில்லை. அந்த எழுத்தின் பெயர் பிராமி.

ஐநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் இதில் இறங்கினார். அவர் கல்கத்தாவில் நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். மத்தியப் பிரதேசத்தில் சாஞ்சி என்ற இடத்தில் பழைய பௌத்தத் தூபி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கல் வேலியில் பல சிறிய வரிகள் பொறித்திருந்தன. அவற்றின் படிகள் பிரின்செப்பிடம் வந்தன. அவர் ஒன்றைக் கவனித்தார். பல வரிகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன.

ஏன் அப்படி? கோயிலில் மின்விளக்கிலும் மணியிலும் என்ன எழுதியிருக்கும்? "இன்னார் உபயம்" என்று இருக்கும். பிரின்செப்பும் அப்படித்தான் யோசித்தார். வேலியின் ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொருவர் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் கடைசிச் சொல் "தானம்" என்று இருக்கலாம். இரண்டு எழுத்து தெரிந்துவிட்டது. "த", "ன". அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். இது நடந்தது 1837இல்.

தூண்களில் என்ன எழுதியிருந்தது? "தேவர்களுக்குப் பிரியமான பியதசி என்ற அரசன் சொல்கிறான்" என்று இருந்தது. யார் இந்தப் பியதசி? அப்படி ஓர் அரசன் பெயரை இந்தியாவில் யாரும் கேள்விப்படவில்லை. பதில் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. இலங்கையில் பாலி மொழியில் பழைய வரலாற்று நூல்கள் உண்டு. அங்கே அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த நூலில் பியதசி என்பது அசோகனின் இன்னொரு பெயர் என்று இருந்தது.

ஒரு நூல் சொன்னால் போதுமா? ஆராய்ச்சியாளர்கள் காத்திருந்தார்கள். 1915இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள மஸ்கி என்ற ஊரில் ஒரு பாறைக் கல்வெட்டு கிடைத்தது. அதில் "அசோகன்" என்ற பெயரே பொறித்திருந்தது. 1837இல் சொன்னது 1915இல் உறுதியானது.

எழுத்தைப் படித்ததால் என்ன கிடைத்தது? 2200 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசன் மக்களுக்குச் சொன்ன செய்தி கிடைத்தது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்யச் சொன்னதும், சாலையோரம் மரம் வைத்துக் கிணறு வெட்டியதும் அதில் இருக்கின்றன. தன் எல்லைக்கு அப்பால் இருந்த சோழரையும் பாண்டியரையும் அசோகன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். ஒரு நாடு தன் நினைவைத் திரும்பப் பெற்றது.

இது வரலாற்று ஆராய்ச்சி. நடந்து முடிந்ததை மீண்டும் நடத்திப் பார்க்க முடியாது. மிச்சம் இருக்கும் கல்லையும் ஓலையையும் நாணயத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும்.

4. அரிசி இருந்தும் பசி

1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஒரு கணக்கு சொல்கிறது. "விளைச்சல் இல்லை, உணவு இல்லை, அதனால் இறந்தார்கள்" என்பதே எல்லோரும் சொன்ன காரணம்.

அமர்த்தியா சென் அப்போது சிறுவன். பசியால் வந்த மக்களைக் கண்ணால் பார்த்தவர். பெரியவராகிப் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தார். எவ்வளவு அரிசி இருந்தது? என்ன விலை விற்றது? கூலி எவ்வளவு? யார் யார் இறந்தார்கள்? எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவர் கண்டது இதுதான். 1943இல் இருந்த உணவு 1941இல் இருந்ததைவிடக் குறைவு இல்லை. 1941இல் பஞ்சம் வரவில்லை. 1943இல் வந்தது. போர்க்காலத்தில் அரிசி விலை பல மடங்கு ஏறியது. விவசாயக் கூலிகளின் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. மீனவர்களும் கைத்தொழில் செய்தவர்களும் தங்கள் பொருளை விற்று அரிசி வாங்க முடியவில்லை. அரிசி இருந்தது, வாங்கும் சக்தி இல்லை. 1981இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். 1998இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சில ஆராய்ச்சியாளர்கள் இதை மறுத்தார்கள். விளைச்சல் கணக்கே நம்பத் தக்கது இல்லை என்றார்கள். இந்த வாதம் நீண்ட காலம் நடந்தது. அது தவறு இல்லை. நோபல் பரிசு பெற்றவரையும் கேள்வி கேட்கலாம். ஆனால் கேட்பவரும் கணக்கைக் காட்ட வேண்டும்.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? நோயின் காரணம் தவறாகத் தெரிந்தால் மருந்தும் தவறாகப் போகும். உணவு இல்லாதது மட்டுமே காரணம் என்றால் உணவு கொண்டுவந்தால் போதும். கையில் காசு இல்லாததும் காரணம் என்றால் வேலையும் கூலியும் கொடுக்க வேண்டும். மலிவு விலையில் அரிசியும் கொடுக்க வேண்டும்.

5. யாரும் கேட்காத கேள்வி

மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்ற மாவட்டம் இருக்கிறது. காடு நிறைந்த மாவட்டம். டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் என்ற தம்பதியர் அங்கே மருத்துவம் செய்தார்கள். 1980களில் கிராமப் பெண்களுக்கான அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டைப் பற்றியே பேசின. ஒன்று பிரசவம். மற்றொன்று குடும்பக் கட்டுப்பாடு. வெள்ளைப்படுதல், மாதவிடாய்த் தொல்லை, கருப்பைப் புண் இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெண்களும் வெட்கத்தால் வெளியே சொல்லவில்லை. எனவே அந்த நோய்கள் இல்லை என்றே எல்லோரும் இருந்தார்கள்.

பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். நோய் இருக்கிறது என்று சொன்னவர்களை மட்டும் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லை என்றவர்களையும் பார்த்தார்கள். 1989இல் முடிவு வெளிவந்தது. 100 பெண்களில் 92 பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன்பு 100 பேரில் 8 பேர்தான் இந்த நோய்களுக்காக மருத்துவரிடம் போயிருந்தார்கள்.

அந்தப் பெண்கள் புதிதாக நோயாளி ஆகவில்லை. கேட்ட பிறகுதான் கணக்கில் வந்தார்கள். எதைக் கேட்கிறோம், யாரைக் கேட்கிறோம் என்பது ஆராய்ச்சியில் மிகப் பெரிய விஷயம். கேட்கப்படாதவர் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவருக்குத் திட்டமும் இல்லை.

அதே மாவட்டத்தில் பிறந்த குழந்தைகள் பல முதல் மாதத்திலேயே இறந்தன. மருத்துவமனை தொலைவில் இருந்தது. 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பள்ளிப் படிப்பை ஓரளவு படித்தவர்கள். குழந்தையை எடை போடவும், கதகதப்பாக வைக்கவும், மூச்சை எண்ணவும், நோய்க் கிருமி தாக்கினால் கண்டுபிடித்து ஊசி போடவும் கற்றார்கள். ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் எழுதி வைத்தார்கள். பயிற்சி நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்றாம் ஆண்டில், ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிறந்த குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் இது வெளியானது. 2011 முதல் ஆஷா பணியாளர்கள் பச்சிளம் குழந்தை உள்ள வீடுகளுக்குச் சென்று பார்க்கும் முறை நாடு முழுவதும் வந்தது.

6. ஒரு மூதாட்டியுடன் போன மொழி

அந்தமான் தீவில் போவா என்ற மூதாட்டி இருந்தார். "போ" என்ற மொழி பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். தம் மொழியில் பேச அவருக்கு வேறு ஒருவரும் இல்லை. அன்விதா அப்பி என்ற மொழியியல் பேராசிரியர் அவருடன் உட்கார்ந்து, அவர் சொன்ன சொற்களையும் பாட்டுகளையும் பதிவு செய்தார். 2010 ஜனவரியில் போவா இறந்தார். மொழியும் அவருடன் போனது. பதிவு மட்டும் இருக்கிறது.

இந்தியாவில் எத்தனை மொழிகள்? 2010இல் பேராசிரியர் கணேஷ் தேவி மக்கள் மொழிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். அந்தந்த மொழி பேசும் மக்களே இதில் சேர்ந்து வேலை செய்தார்கள். 780 மொழிகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றில் பலவற்றுக்குத் தனி எழுத்து இல்லை.

இங்கே தராசும் குழாயும் உதவாது. காதும் பொறுமையும் வேண்டும். ஒரு மொழி அழிந்தால் ஒரு செடியின் பெயரும், அதன் மருந்துக் குணமும், ஒரு காற்றின் பெயரும், பல தலைமுறைக் கதைகளும் சேர்ந்து அழியலாம்.

7. எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன?

உப்பு, கடல், கல்வெட்டு, பஞ்சம், பெண்நோய், மொழி. ஆறும் ஆறு திசை. கல்வெட்டு படிப்பவரிடம் "ஒப்பிட்டுப் பார்க்க மூன்று பகுதிகள் எங்கே?" என்று கேட்க முடியாது. மருந்து சோதிப்பவர் "ஒரு பாட்டி சொன்னார்" என்பதோடு நிறுத்த முடியாது. நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியை முழத்தால் அளக்கிறோம். எது உயர்ந்த அளவு என்று சண்டை போடுவதில்லை.

ஆனால் நல்ல ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் சில குணங்கள் உண்டு.

கேள்வி தெளிவாக இருக்கும்.

"நான் சொல்கிறேன், நம்பு" என்று சொல்லாது. சான்றைக் காட்டும்.

எப்படிக் கண்டோம் என்பதை எழுதி வைக்கும். மற்றவர்கள் அதே வழியில் போய்ப் பார்க்கலாம்.

தவறு என்று தெரிந்தால் முடிவை மாற்றிக்கொள்ளும்.

விளம்பரத்தில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று வந்தால் இந்தக் குணங்களை வைத்துப் பாருங்கள். யார் ஆராய்ந்தார்கள்? எத்தனை பேரிடம்? எதோடு ஒப்பிட்டார்கள்? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர் அந்தப் பொருளை விற்பவரா? பதில் இல்லை என்றால் அந்தப் பேச்சை நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

8. உங்கள் வீட்டுக்கு ஆராய்ச்சியாளர் வந்தால்

ஆராய்ச்சியில் மக்களின் பங்கு பெரியது. காங்ரா மக்கள் உப்பு தின்றார்கள். கட்சிரோலிப் பெண்கள் வெட்கத்தை விட்டுப் பேசினார்கள். அவர்கள் இல்லாமல் எந்த முடிவும் இல்லை. ஆகவே மக்களுக்கு உரிமையும் உண்டு.

மருத்துவ ஆராய்ச்சி எப்படி நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. 2017இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. அவற்றின்படி, விளக்கம் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகுதான் ஒருவரை ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்ட வேண்டும். ஆராய்ச்சியைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை:

எதற்காக இந்த ஆராய்ச்சி?

என் உடம்புக்கு என்ன செய்வீர்கள்? கெடுதல் வருமா?

வந்தால் யார் மருத்துவம் செய்வார்கள்?

என் பெயரை வெளியே சொல்வீர்களா?

முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா?

"வேண்டாம்" என்று சொல்லலாம். நடுவில் விலகலாம். அதற்காக உங்களுக்குக் கிடைக்க வேண்டிய மருத்துவத்தை யாரும் நிறுத்தக் கூடாது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துக் கற்றுக்கொண்டது அதற்காகவும்தான்.

புதிய சொற்கள்

சான்று – ஒன்று உண்மை என்று காட்டும் பொருள் அல்லது கணக்கு.
ஒப்புதல் – விஷயம் தெரிந்து சம்மதம் தருவது.
கல்வெட்டு – கல்லில் பொறித்த எழுத்து.
பட்டகம் – ஒளியைப் பிரிக்கவோ தடுக்கவோ உதவும் கண்ணாடி போன்ற கட்டி.

பேசிப் பார்ப்போம்

1. காங்ராவில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏன் சாதாரண உப்பு கொடுத்தார்கள்? பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தது ஏன் சரி?

2. "பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் வீண்" என்று ஒருவர் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

3. உங்கள் ஊரில் கல்வெட்டு இருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

4. உங்கள் தெருவில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி எது? தண்ணீரைப் பற்றியா? கூலியைப் பற்றியா? குழந்தைகளைப் பற்றியா? பத்து வீடுகளில் கேட்டு, விடைகளை எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.